அக்கா வீட்டில் தங்கிய உப்பு

மடைக்காரியின் வயலிலிருந்து கழுவி வெளியேற்றப்பட்ட உப்பு, பதினோராம் நாள் காலை எட்டரை மணிக்குத் தார்ச்சாலை வழியாக நடந்து திரும்பி வந்தது. முழங்கால் உயரமும் ஒரு லாரி நீளமும் இருந்தது. சாலையின் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை. எட்டரை மணி பஸ்ஸின் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். அது மரியாதையாக ஒதுங்கி நின்றது, பஸ் போனதும் மறுபடி வரிசை கூடி நடந்தது. சர்க்கரையைத் தகரத்தில் கொட்டினால் வருகிற சத்தம்தான் அதன் காலடிச் சத்தம். சலூன்காரர் பாதி சவரத்தில் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார், நுரை பூசிய முகத்தோடு வாடிக்கையாளரும் வந்தார். யாரும் அலறவில்லை. “யாரோட உப்பு இது?” என்று ஒருவர் கேட்டார். “மடைக்காரியோடதுதான். வேற யார்கிட்ட இவ்வளவு இருக்கு?” என்றார் சலூன்காரர். அதற்குள் நுரை காய்ந்துவிட்டதால் இருவரும் உள்ளே போய்விட்டார்கள்.

மடைக்காரி என்றால் பாசன வாய்க்காலின் ஷட்டரைத் திறந்து மூடுகிறவள். இருபத்திரண்டு வருடமாக அதன் இரும்புச் சாவி அவள் கையில்தான் இருந்தது. அவள் சக்கரத்தைச் சுற்றினால்தான் ஊரில் ஒரு வயல் நனையும். முறை தவறித் தண்ணீர் கேட்டு வந்தவர்களை அவள் பேசிய பேச்சில், அவர்கள் கொண்டுவந்த மண்வெட்டியை மறந்து வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவளின் சொந்த வயல், ஒன்றரை ஏக்கர், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. மண் பரிசோதனை ஆபீசர் வந்து, பிடி மண்ணைப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார். உப்பின் அளவு பதினாலு காட்டியது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் பதினாலுதான். “நெல்லு போடணும்னா மூணுக்குக் கீழ வரணும்மா. நல்லா உழுது, வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணியைக் கட்டி நிறுத்துங்க. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது உப்பைக் கரைச்சுக்கிட்டு இறங்கும். அதை வடிகால்ல வெளியே விட்டுடணும். வடிகால் இல்லாம எத்தனை தடவை கழுவினாலும் உப்பு மேலதான் வரும்” என்றார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன? தண்ணீரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வடிகாலைப் பற்றி ஒரு ஆபீசர் வந்து பாடம் எடுத்தார். அவள் தலையை ஆட்டினாள்.

அவள் புருஷன் தையல்காரர். முன் அறையில் ஜன்னல் ஓரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடச் சீருடையும் திரைச்சீலையும் தைத்தார். மண் என்றால் காலில் ஒட்டுகிற ஒன்று என்பதற்கு மேல் அவருக்கு அதில் அக்கறை கிடையாது. நகரத்தில் இருந்த அவருடைய தங்கை, வாரம் தவறாமல் போன் செய்து, “மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு, அண்ணா. அண்ணியைக் கூட்டிட்டு வந்துடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெள்ளை பூத்த வயலுக்காக இங்கே ஏன் கிடந்து சாக வேண்டும் என்று தையல்காரர் கேட்டார். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மூன்று முறை கழுவுவது. மூன்றாவது கழுவலுக்குப் பிறகும் பச்சை தெரியவில்லை என்றால் சாவியைப் பாசனச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு மாடி ரூமுக்குப் போவது. அவள் சரி என்றாள், ஆனால் அந்த ரூம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு முறை போய்ப் பார்த்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கிவந்து, காற்றோட்டம் போதவில்லை என்று மட்டும் சொன்னாள். உண்மையான காரணத்தைப் புருஷனிடம் இதுவரை சொல்லவில்லை.

இனி வடிகால் விஷயத்துக்கு வருவோம். வயலின் கீழ்க்கோடியில் தொடங்கி ஓடை வரைக்கும் ஒரு காலத்தில் நானூறு அடி வடிகால் இருந்தது, இடுப்பளவு ஆழம். அப்பா நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது, மேல்பாதி தங்கையான மடைக்காரிக்கும் கீழ்ப்பாதி அக்காவுக்கும் வந்தது. அப்பா நியாயஸ்தர். ஒரு செருப்பு ஜோடி இருந்தால்கூட ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கிறவர். அதனால் வடிகாலையும் கயிறு போட்டு அளந்து, ஆளுக்கு இருநூறு அடி என்று பிரித்துவிட்டார். மேல் இருநூறு தங்கைக்கு, கீழ் இருநூறு அக்காவுக்கு. பிரித்த மறுநாள், தன் வழியாகத் தண்ணீர் விட்டுக்கொள்ளத் தங்கை வந்து ஒரு வார்த்தை கேட்பாள் என்று அக்கா காத்திருந்தாள். நம் அப்பா வெட்டிய வடிகாலில் தண்ணீர் விட எதற்குக் கேட்பது என்று தங்கை இருந்தாள். அக்கா ஒரு போகம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் பங்கை மண் கொட்டி மூடி, அதன்மேல் தக்காளி நட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு போக வழியில்லாமல் மேலே ஏறத் தொடங்கியதும் அதே வருடம்தான். பதினாலு வருடம் ஓடிவிட்டது.

பேச்சு நின்றதே தவிர அக்கா வருவது நிற்கவில்லை. மாதம் ஒரு முறை ஒரு முழம் துணியோடு வந்து, தையல் மெஷினுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, தலையணை உறை தைக்கச் சொல்வாள். அவள் தனி ஆள். ஒரே ஒரு தலைக்கு அதற்குள் நூற்று அறுபத்தெட்டு உறைகள் சேர்ந்திருந்தன. “அவ கால் வீக்கம் குறைஞ்சுதான்னு கேளுங்க தம்பி” என்று அக்கா மெஷினைப் பார்த்துச் சொல்வாள். அடுப்படியிலிருந்து தங்கை பாத்திரத்தைப் பார்த்து, “குறைஞ்சா என்ன, குறையலைன்னா என்ன, அவங்களுக்கு எதுக்குன்னு கேளுங்க” என்பாள். இருவருக்கும் இடையில் பத்தடி தூரம், நடுவில் ஒரு திரைச்சீலை. தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, “குறைஞ்சிருக்கு அண்ணி” என்று சுருக்கிச் சொல்வார். இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வெட்டித் தைத்துப் பொருத்துவதில் அவர் கைதேர்ந்தவராகிவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஒன்றரை ஏக்கரும் பிழைக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் அதைச் சொல்லப்போய் மடைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குத் தைரியம்?

அதனால்தான் முதல் கழுவலின்போது அவள் அக்கா பக்கம் போகாமல், தேங்கி நின்ற உப்புத் தண்ணீரை டீசல் மோட்டார் வைத்து, குழாய் போட்டு, சாலையோரப் பள்ளத்தில் விட்டாள். பதினோரு நாளில் அது திரும்பி வந்த கதையைத்தான் முதலிலேயே பார்த்தோம். வந்த உப்பு நேரே வயலுக்குப் போகவில்லை. அக்காவின் தோட்டத்து வேலி ஓரம், பழைய வடிகாலின் வாய் இருந்த அதே இடத்தில், கால் மணி நேரம் நின்றது. அங்கே தக்காளி காய்த்துக் குலுங்கியது. அக்கா பூவாளியோடு நின்று உப்பைப் பார்த்தாள், உப்பும் நின்றது. பிறகு அது திரும்பி, மடைக்காரியின் வரப்பைத் தாண்டி, வயலில் பரவிப் படுத்துக்கொண்டது. ஆபீசர் வந்து அளந்தார், பழையபடி பதினாலு. பக்கத்தில் விட்டதுதான் தப்பு என்று மடைக்காரி முடிவு செய்தாள். இரண்டாம் கழுவலின் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் ஏற்றி, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வந்தாள். அந்த உப்பு வர இருபத்தாறு நாள் பிடித்தது. இளைத்துப்போய், தூசி படிந்து வந்தது. தனியாகவும் வரவில்லை, வழியில் போக்கிடம் இல்லாமல் நின்ற செம்மண் நிறத்து உப்பு ஒன்றையும் கூட்டி வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து வேலியோரம் கால் மணி நேரம் நின்றுவிட்டு வயலில் படுத்தன. ஆபீசர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இது நம்ம ஊர் உப்பு இல்லையேம்மா” என்றார். கருவி பதினாறு காட்டியது.

தையல்காரர் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது கழுவலுக்கு அவர் காத்திருக்கவே இல்லை. வாடகை வேன் ஒன்று நகரத்துக்குக் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், தையல் மெஷினை அதில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார். மாடியில் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து மெஷினைப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். முன் அறையில் மெஷினின் கால்கள் பதிந்த நான்கு குழிகள் மட்டும் மிஞ்சின. மடைக்காரி தனியாளாக மூன்றாம் முறை தண்ணீர் கட்டினாள். இந்தத் தடவை மோட்டாரும் இல்லை, டேங்கரும் இல்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. வடிந்த தண்ணீர் அவளுடைய இருநூறு அடியில் ஓடி, அக்காவின் வரப்பில் முட்டி நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் உப்பு தண்ணீரைவிட்டு எழுந்து வரப்பில் ஏறியது. திரும்பிப் போய்ப் படுக்க அதற்கும் அலுத்திருக்க வேண்டும். தக்காளிச் செடிகளை மிதிக்காமல், பாத்தியைச் சுற்றிக்கொண்டு போய், பின்வாசல் வழியாக அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தது. சமையலறையில் கொஞ்சம், கூடத்தில் கொஞ்சம், மிச்சம் கட்டிலில் என்று இடம் பிரித்துக்கொண்டது. செம்மண் நிறத்து உப்பு, கூச்சமோ என்னவோ, அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒதுங்கியது. அக்கா துடைப்பத்தை எடுத்தாள். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் போய் உட்கார்ந்தது. பிறகு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்கப் பழகினாள். நான்காம் நாள் கிணறு கரித்தது. ஐம்பத்தேழு வயதில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தாள். கேட்டவர்களிடம், நடந்தால் உடம்புக்கு நல்லது என்றாள்.

இங்கே மடைக்காரியின் வயலில் ஆபீசரின் கருவி இரண்டு புள்ளி ஆறு காட்டியது. அவரால் நம்ப முடியவில்லை. வயலின் ஏழு இடத்தில் மண் எடுத்துப் பார்த்தார். “விதைக்கலாம்மா!” என்று சொல்லும்போது அவருக்கே குரல் உயர்ந்துவிட்டது. உப்பு எங்கே போனது என்று இருவருக்கும் தெரியும். அவள் விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டாள். இருபது வருடத்தில் முதல் முறையாக வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் அக்கா வந்தாள். கையில் துணி இல்லை. பழக்கத்தில் முன் அறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் எதிரே மெஷின் இல்லை என்பதைப் பார்த்தாள். தையல்காரரும் இல்லை. அடுப்படித் திரைச்சீலையை மூட்டை கட்டியாகிவிட்டது, அதனால் தங்கை நேராகத் தெரிந்தாள். அக்கா தரையில் இருந்த நான்கு குழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தக் குழிகளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து நிமிர்ந்தாள்.

“உன் உப்பு என் கட்டில்ல படுத்திருக்கு.”

“தெரியும்.”

“கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல.”

“அதுவும் தெரியும்.”

“தெரிஞ்சா சரி” என்று சொல்லி அக்கா எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போ என்று கேட்கவில்லை. கேட்கிற வாயாக இருந்தால் பதினாலு வருடத்துக்கு முன்பே கேட்டிருப்பாளே.

மடைக்காரி மத்தியானம் வரை ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள். மனசுக்குள் அக்காவை உட்காரவைத்து, வேண்டிய மட்டும் பேசித் தீர்த்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது, அக்கா ராத்திரி படுக்கும் விதத்தைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்து தட்டைத் தள்ளிவைத்தாள். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துத் தூங்குகிற உடம்பா அது? முட்டி வலிக்காரி. உப்பு அங்கேயே இருந்தால் இங்கே நெல் விளையும், அவள் தன் மண்ணிலேயே இருக்கலாம். கூட்டி வந்தால் மூன்று கழுவலும் முடிந்த கணக்கு, மாடி ரூம்தான். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்வாசலில் போய் நின்று, “வா, போலாம்” என்றாள். கட்டிலில் இருந்த உப்பு எழுந்தது. கூடத்திலும் சமையலறையிலும் இருந்தது வந்து சேர்ந்துகொண்டது. அலமாரிக்குப் பின்னால் இருந்தது தயங்கி எட்டிப் பார்த்தது. “உன்னையும்தான்” என்றாள்.

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். “எங்க கூட்டிட்டுப் போற?”

“என் வயலுக்குத்தான். வேற எங்க?”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மாடி ரூம்.”

“மாடியிலயா?” அக்கா எழுந்துவிட்டாள். “உனக்குத்தான் மாடி ஏறினா தலை சுத்துமேடி. தண்ணி டேங்க் ஏணியில நாலு படி ஏறிட்டு இறங்க முடியாம கத்தினவதானே நீ. நான்தானே முதுகுல தூக்கிட்டு இறங்கினேன்.”

உப்பு அவள் பின்னால் பொறுமையாக நின்றது. அக்கா வீட்டுக்குள் போய் மண்வெட்டியோடு வந்து, வேலியோரம் இருந்த முதல் தக்காளிச் செடியை, காயும் பழமுமாக, அடியோடு வெட்டி எறிந்தாள். “நின்னு வேடிக்கை பாக்காத. உனக்கும் ஒரு மண்வெட்டி எடுத்துட்டு வா” என்றாள்.

இருநூறு அடியைத் தோண்ட ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் இருவரும் வாய் ஓயவில்லை. “வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சுபோயிருப்ப?” என்று ஒரு அடி. “மூடும்போது நீ என்னைக் கேட்டியா?” என்று இன்னொரு அடி. பதினாலு வருடத்துச் சண்டையையும் வரிசைப்படி, எதையும் விடாமல் போட்டார்கள். நடுநடுவே ஒருத்தி மற்றவளின் தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். அவர்கள் ஒரு அடி தோண்டினால் உப்பு பின்னால் ஒரு அடி நகர்ந்தது. வெயில் ஏறினால் மூவருமாக வரப்பு நிழலில் ஒதுங்கினார்கள். செம்மண் உப்பையும் சேர்த்தால் நால்வர். ஆபீசர் வந்து பார்த்தார். அளப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதால், இரண்டு கூடை மண் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் மத்தியான பஸ்ஸில் தையல்காரர் வந்து இறங்கினார். மாடியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தார். வடிகால் பக்கமிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். இடுப்பளவுப் பள்ளத்தில் இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் பழக்கத்தில், “அண்ணி என்ன சொல்றாங்கன்னா...” என்று வாயெடுத்தார். “நீங்க சும்மா இருங்க!” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கைக்கு வேலை இல்லாமல் வீட்டுக்கு வந்தவர், சாக்கில் விதைநெல் முளைவிட்டிருப்பதைப் பார்த்தார். இப்படியே விட்டால் வீணாகும் என்பது தையல்காரருக்குக்கூடத் தெரிந்தது. செருப்பைக் கழற்றினார், பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்தார், கல்யாணமான நாளிலிருந்து கால் வைக்காத அந்த வயலில் இறங்கினார். தூவத் தெரியாது. அதனால் நுனியிலிருந்து நுனிக்கு நூல் பிடித்து, விரலால் ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே போனார். இருட்டும் வரை கால் ஏக்கர் கூட முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் யாரும் சொல்லாமலே மறுபடி இறங்கினார். மீதியை ஊன்றி முடிக்க நாலு நாள் ஆனது. நகரத்தில் இருந்த தன் தங்கைக்குப் போன் செய்து மாடி ரூமை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொன்னார்; மெஷினை அடுத்த வேனில் திருப்பி அனுப்பச் சொன்னார்.

ஆறாம் நாள் சாயங்காலம் கடைசி மண்ணை அக்கா வெட்டினாள். ஓடை திறந்தது. உப்பு இருவரையும் கடந்து முன்னால் போனது, ஓரமாக, மோதாமல். அதற்கு அந்த வழி நன்றாகத் தெரிந்திருந்தது. தண்ணீரில் இறங்கியது, கடல் இருக்கிற பக்கம் பார்த்துப் போனது. திரும்பி வரவில்லை. ஒன்பதாம் நாள் வயலில் பச்சை தெரிந்தது. ஊரில் யார் வயலிலும் இல்லாத அளவுக்கு நேர்க்கோடாக, ஒரே இடைவெளியில். மடைக்காரி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில், அன்று ஊருக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தண்ணீர் போனது. யாரும் கேட்கவில்லை.

அறுவடைக்கு முன் ஆபீசர் படிவத்தோடு வந்தார், நிலம் சீரானதை மேலிடத்துக்கு எழுத வேண்டும். முன் அறையில், மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு எழுதினார். ஆரம்ப அளவு பதினாலு, இறுதி அளவு ஒன்று புள்ளி ஒன்பது. ‘உப்பு வெளியேறிய முறை’ என்ற கட்டத்தில் ‘நடந்து’ என்று எழுதினார். ‘வடிகாலின் உரிமையாளர்’ என்ற கட்டம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். அக்கா தங்கையைக் காட்டி, “அவளோடது” என்றாள். தங்கை அக்காவைக் காட்டி, “அவளோடது” என்றாள். “உன்னோடதுதான்னு சொல்றேன்ல!” என்று அக்கா தொடங்க, “அதைச் சொல்ல நீ யாரு?” என்று தங்கை தொடர்ந்தாள். ஆபீசர் நாலு மணி வரை காத்திருந்து பார்த்துவிட்டு, ‘இருவரும் மறுக்கிறார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. உரிமையாளர் கட்டத்தைச் சரிசெய்து அனுப்பவும் என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். உப்பு நடந்து போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.